மாற்றிப் பார்ப்பவர்களும் அளந்து பார்ப்பவர்களும்

குயிலாப்பாளையத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு மூன்று தொல்லைகள் நன்றாகத் தெரியும். காலையில் செல்ஃப் எடுக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். மே மாத வெயிலில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். ஊரின் அமைப்பே இதற்குப் பாதிக் காரணம். கிழக்கே கடல், உப்புக்காற்று பேட்டரி டெர்மினலைச் சீக்கிரம் பூக்க வைக்கிறது. மேற்கே ஆரோவில் பக்கம் முந்திரித் தோப்பும் செம்மண் பாதையும். அந்தப் புழுதி ரேடியேட்டரின் இடுக்குகளை அடைக்கிறது. ஆரோவில்வாசிகள் பலர் கோடையில் ஊருக்குப் போய்விட, அவர்களுடைய வண்டிகள் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன. வார இறுதியில் சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக வரும் கார்களோ ஏசியை முழுவீச்சில் வைத்துக்கொண்டு வந்து நிற்கின்றன.

இதே ஈசிஆரில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அதனால் "பேட்டரி டவுன்" என்ற பேச்சோடு "பற்றறி இறங்கிப் போச்சுது" என்ற பேச்சும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கோளாறு ஒன்றுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழக்கம் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் வேறு வேறாக வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றிப் பார்க்கிறோம். இலங்கையில் மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்கும் பழக்கம் கூடுதல். இது மெக்கானிக்கின் திறமையால் வந்த வித்தியாசமல்ல. உதிரிபாகம் என்ன விலைக்கு, எத்தனை நாளில் கிடைக்கிறது என்பதால் வந்தது.

ஒரே எஞ்சின், இரு கரை

தொடக்கத்தில் இரு பக்கமும் ஒரே எஞ்சினைத்தான் பழுதுபார்த்தன. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை தயாரித்த அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் மறுபதிப்பு. அதில் நெடுங்காலம் இருந்தது பிஎம்சி நிறுவனத்தின் 1489 சிசி எஞ்சின். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களாக ஓடிய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ-55 காரிலும் அதே எஞ்சின்தான். விழுப்புரம் டாக்ஸி ஸ்டாண்டில் டைனமோ பார்த்த கைக்கும், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து கராஜில் பார்த்த கைக்கும் அன்று ஒரே வித்தைதான் தெரிந்திருக்கும்.

அந்த வித்தைகளில் ஒன்று இன்றும் இரு கரையிலும் உயிரோடு இருக்கிறது: எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றிவிடுவது. எஞ்சின் நின்றால் டைனமோ அவுட். ஓடினால் டைனமோ நல்லது. கம்ப்யூட்டரே இல்லாத அந்தக் காலக் காருக்கு இது ஒருவாறு பொருந்தியது. இன்றைய ஆல்டர்னேட்டர் காரில் இதைச் செய்தால், சுமை திடீரென அறுபடும்போது மின்னழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எகிறும். ஐந்து நிமிடச் சோதனைக்காக ஈசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரைப் பலிகொடுக்க நேரலாம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைக்கப்பட்டிருந்தது என்பதும் நினைவிருக்க வேண்டும். அப்படிப்பட்ட காருக்கு நம் வழக்கப்படி ஜம்பர் கேபிள் போட்டால் தீப்பொறிதான் மிஞ்சும்.

இரு வழிகளும் பிரிந்தது 1990க்குப் பிறகு. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வட இலங்கைக்குப் பெட்ரோலும் பேட்டரியும் போவது நின்றது. யாழ்ப்பாணத்தார் காரையும் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய ஆஸ்டினும் மோரிஸ் மைனரும் இதைத் தாங்கின. புதிய எஞ்சின் தாங்காது, தட்டும், கொதிக்கும். மண்ணெண்ணெய் முழுதும் எரியாமல் இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். வண்டி சூடாகிறது என்றால் மாற்றுவதற்குக் கடையில் ஒன்றும் கிடையாது. எங்கே, எதனால் சூடாகிறது என்று கண்டுபிடித்து இருப்பதைக் கொண்டே சரிசெய்ய வேண்டும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. ஒரு கார் பேட்டரியில் எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பது அப்போது வீட்டுக்கு வீடு தேவைப்பட்ட அறிவு.

இந்தப் பக்கம் நிலைமை நேர் எதிர். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் இருக்கிறது. புதுச்சேரியிலும் அதற்கு ஆலை உண்டு. எக்சைட் பேட்டரி ஓசூரில் தயாராகிறது, அமரான் திருப்பதிக்குப் பக்கத்தில். குயிலாப்பாளையத்திலிருந்து எல்லாமே முந்நூறு கிலோமீட்டருக்குள். சாதாரணப் பாகம் புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ அன்றே கிடைக்கும். அரிதானது சென்னை ஜி.பி. ரோட்டில்; பழையது போதுமென்றால் புதுப்பேட்டையில். கையெட்டும் தூரத்தில் பாகம் இருக்கும்போது மீட்டரைத் தேடுவானேன்? "நாலு வருஷம் ஆச்சா சார்? மாத்திடுங்க" என்பதே முடிவாகிவிடுகிறது.

இலங்கை பெரிய அளவில் கார் உற்பத்தி செய்யும் நாடல்ல. இறக்குமதி வரி பல சமயம் வண்டியின் விலையையே மிஞ்சும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் 2022 பொருளாதார நெருக்கடியில் டாலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லிட்டர்தான் எரிபொருள். வாரம் முழுதும் வாசலில் நின்ற கார்களின் பேட்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின; புதியதன் விலையோ எட்டாத உயரத்தில். உள்ளதைக் காப்பாற்று என்பதுதான் அங்கே கராஜின் முதல் விதி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானியப் பழைய பாகங்கள் மலையாகக் குவிந்திருந்தாலும், எது வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் அங்கே போக முடியும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இலங்கையில் பேட்டரி தயாரிக்கும் அசோசியேட்டட் பேட்டரி மேனுஃபாக்சரர்ஸ், இந்தியாவின் எக்சைட் நிறுவனத்துக்குச் சொந்தமான துணை நிறுவனம். ஒரே குடும்பத்துப் பேட்டரியை இரண்டு விதமாகச் சோதிக்கிறோம்.

செல்ஃப் எடுக்காதபோது

சாவியைத் திருப்பினால் "டிக் டிக்" என்று மட்டும் சத்தம். நம் பக்கம் உடனே வரும் தீர்ப்பு: பேட்டரி போச்சு. கடைக்காரர் ஹெவி லோடு டெஸ்டரை வைப்பார். முள் சரியும். பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் விலை கழித்துப் புதியதை மாட்டிவிடுவார். முக்கால் மணி நேரத்தில் கார் ஓடும். பல சமயம் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். ஏனென்றால் நம் வெயிலில் பேட்டரி நான்கைந்து ஆண்டுக்கு மேல் தாங்குவது அரிது. ஆனால் சார்ஜ் இறங்கிய நல்ல பேட்டரியும் அந்த டெஸ்டரில் சரியத்தான் செய்யும். முதலில் முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டுச் சோதிக்காவிட்டால், இறங்கியதற்கும் செத்ததற்கும் வித்தியாசம் தெரியாது.

ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இதை எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்று பாருங்கள். இரவு முழுதும் நின்ற காரின் பேட்டரி முனைகளில் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. அடுத்து ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். 11 வோல்ட்டுக்கு மேலேயே நின்றும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரி குற்றவாளியல்ல. கரன்ட் வழியிலேயே தடைபடுகிறது. இப்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும், மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூடத் தெரியாது. ஆனால் மீட்டர் அரை வோல்ட் காட்டினால் அந்தத் தொடுப்பில்தான் கோளாறு. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினால் தீர்ந்தது. கடலோரக் கார்களில் புதுப் பேட்டரி வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது.

நின்றே கிடக்கும் வண்டிக்கு வேறு கணக்கு. கார் பூட்டியிருக்கும்போதும் அலாரம், கடிகாரம், ஈசியு கொஞ்சம் கரன்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி இரண்டரை வாரத்தில் போய்விடும். கோடைக்கு ஊருக்குப் போகிற ஆரோவில்வாசிக்கும், 2022இல் எரிபொருளுக்குக் காத்திருந்த வவுனியாக்காரருக்கும் நேர்ந்தது இதுதான். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது இருவருக்குமான மருந்து.

தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. குளிர்நாட்டுக் கையேடுகள் முழுச் சார்ஜுக்கு அடர்த்தி 1.280 என்கும். வெப்பநாட்டுக்கென நிரப்பும் அமிலம் 1.240, 1.250 என்ற அளவில்தான் இருக்கும். கையேட்டை நம்பி அமிலம் சேர்த்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். சேர்க்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

சார்ஜ் ஏறாதபோது

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால் ஆல்டர்னேட்டர் நலம் என்பது இரு கரையிலும் மனப்பாடம். இந்த மனப்பாடம் ஏமாற்றும் இடத்தை இலங்கை மெக்கானிக்குகள் அறிவார்கள். அங்கே தெருவெங்கும் ஓடும் ஹோண்டா ஃபிட் போன்ற கார்களில், சுமை குறைவாக இருக்கும்போது ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டரே தணித்து வைக்கும். மீட்டர் 12.5 காட்டும். அவசரப்பட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு அளந்தால் 14 வரும். இன்று இந்தியாவிலும் புதிய கார்கள் பல இந்த வகைதான். சோதனை முறைதான் பழையதாகவே நிற்கிறது.

டொயோட்டா அக்வாவில் கதை இன்னும் மாறுகிறது. ஹைபிரிட்டுகளுக்கு வரிச் சலுகை இருந்த காலத்தில் இலங்கைக்கு ஏராளமாக வந்த கார் அது. அதில் ஆல்டர்னேட்டரும் இல்லை, வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, ஃபேன் பெல்ட்டும் இல்லை. 144 வோல்ட் பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் மூலம் 12 வோல்ட் சிறிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது. சிறியது இறங்கினால் பெரியதில் எவ்வளவு இருந்தாலும் கார் எழுந்திருக்காது. யாழ்ப்பாணத்து ஓட்டோ எலக்ட்ரீஷியன் பத்து வருடத்துக்கு முன்பே இதைப் படித்துக்கொண்டார். கையேடு ஜப்பானிய மொழியில், டேஷ்போர்டு எச்சரிக்கையும் ஜப்பானிய மொழியில் என்பதால் ஸ்கேனர் இல்லாமல் அவருக்கு வேலையே இல்லை. இந்தியாவில் கிராண்ட் விட்டாரா, சிட்டி, ஹைகிராஸ் என்று முழு ஹைபிரிட்டுகள் பரவலாகத் தெருவுக்கு வரத் தொடங்கியதே 2022இல்தான். அவை கம்பெனி வாரண்டி முடிந்து விழுப்புரத்து ஷெட்டுகளுக்கு வரும்போது, நம்மவர்கள் அக்கரையில் கற்றவர்களிடம் கேட்டுக்கொள்ள நிறைய இருக்கும்.

வண்டி கொதித்தால்

பொங்கலுக்கு முந்தைய நாள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் ஊர்கின்றன, ஏசி ஓடுகிறது, முள் ஏறுகிறது. கியூ கலைந்து எண்பதில் போனதும் முள் இறங்குகிறது. இந்தக் கார் தன் நோயைத் தானே சொல்லிவிட்டது: நிற்கும்போது காற்று இழுக்க வேண்டிய ஃபேன் சுற்றவில்லை. மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார் என்று அந்த வரிசையைப் பார்த்தால் போதும். மாறாக, ஊருக்குள் சும்மா இருந்து, திண்டிவனம் நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது ஏறினால் ஃபேன் நல்லது. ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் போக வேண்டும். வெளியே ஒழுக்கு ஏதும் இல்லாமல் தினமும் தண்ணீர் குறைந்து, ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். நின்றா, ஓடியா என்ற ஒரு கேள்வியில் பாதிக் கோளாறு பிடிபடும். அதைக் கேட்காமல் வாட்டர் பம்பை மாற்றிய ஷெட்டுகள் எத்தனையோ.

இலங்கையில் சோதனைக்களம் மலை. கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏறி, கண்டி தாண்டி, றம்பொடை வழியாக 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவுக்குப் போகும் வண்டி சிறிய கியரில் மணிக்கணக்கில் உழைக்கிறது. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. அந்த அழுத்தத்தின் அளவை மூடியின் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பார்கள். 1.1 மூடி சரியாக இறுக்கினால் கொதிநிலை 120 டிகிரி அளவுக்குப் போகும். உள்ளே உள்ள ரப்பர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. தண்ணீர் குழாய் வழியாகப் பொங்கி வெளியேறும், ரேடியேட்டர் மேல் பழி விழும். சில நூறு ரூபாய் மூடியை முதலில் திருப்பிப் பார்க்கும் பழக்கம் சமவெளியில் வாழும் நமக்குக் குறைவு. திருப்புவது எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு மட்டும். சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும்.

இரு கரையும் சேர்ந்து செய்யும் தவறுகளும் உண்டு. ஒன்று, சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அம்பாசடரில் அது பிழைத்துப் போனது. இன்றைய எஞ்சினில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கே வராமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றி இன்னும் சூடாகும். இரண்டு, கிடைத்த தண்ணீரை ஊற்றுவது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கடின நீர். நம் கடலோர போர்வெல் தண்ணீரும் பல இடங்களில் உப்புதான். கெட்டிலின் அடியில் படிவது போல அது ரேடியேட்டர் குழாயிலும் படியும். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டரைத்தான் கலக்க வேண்டும்.

குயிலாப்பாளையத்துக்கே உரிய ஒன்றும் சொல்ல வேண்டும். காரின் முன்னால் நின்று பார்த்தால் தெரிவது ஏசியின் கண்டன்சர். ரேடியேட்டர் அதன் பின்னால். சர்வீஸ் ஸ்டேஷனில் முன்பக்கம் தண்ணீர் பீய்ச்சியதும் கண்டன்சர் பளிச்சென்று ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே செம்மண்ணும் பூச்சி இறகும் சேர்ந்து கம்பளம்போல அப்பியிருப்பது தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவி வரவில்லை என்றால் காற்றும் வராது.

அளவுகோலும் ஏமாற்றும்

இலங்கை வழக்கத்தை வானளாவப் புகழ்வதற்கில்லை. ஸ்கேனர் சொன்னதே வேதம் என்ற நோய் அங்கே உண்டு. ஹைபிரிட் காரில் பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தால் பெரிய பேட்டரியே போய்விட்டது என்று தீர்ப்பளிக்கும் கராஜ்கள் இருக்கின்றன. பின்சீட்டு ஓரத்தில் அந்தப் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் சிறிய ஃபேன் தூசியால் அடைபட்டு, பேட்டரி வெந்து, அதனால் கோடு வந்திருக்கலாம். அந்த ஃபேனைப் பார்க்காமல் இருபது மாட்யூலில் செத்த ஒன்றை மட்டும் பழையதைப் போட்டு ஒப்பேற்றினால், ஆறு மாதத்தில் பக்கத்து மாட்யூல் போகும். வண்டி நின்றதும் எஞ்சினைத் தானே அணைக்கும் ஐடிலிங் ஸ்டாப் உள்ள ஜப்பானியக் காருக்கு அதற்கான தனிப் பேட்டரி வேண்டும். விலைக்கு அஞ்சிச் சாதாரணப் பேட்டரி போட்டு ஒரு வருடத்தில் இழப்பவர்கள் பலர். கோடு என்பது சந்தேகம் எந்தத் தெருவில் என்று காட்டும். வீட்டைக் கண்டுபிடிப்பது கண்ணும் மீட்டரும்தான்.

நம் பக்கத்து வழக்கத்துக்கும் நியாயம் உண்டு. டாட்டா ஏஸை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே குட்டி யானை, அங்கே டிமோ பட்டா. இரண்டும் ஒரே வண்டி. காய்கறி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சந்தைக்குப் போக வேண்டியவருக்கு அரைநாள் சோதனையைவிட அரைமணி மாற்றம் லாபம். பாகம் மலிவாகவும் நேரம் விலை கூடியதாகவும் இருந்தால் மாற்றுவதே அறிவு. ஆனால் கார் விஷயத்தில் இந்தக் கணக்கு மெல்ல மாறிவருகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் சென்சாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பெருகிவிட்டன. அவற்றின் விலை பழைய டைனமோ விலையல்ல. மாற்றிப் பார்க்கும் வசதி நமக்கும் குறைந்துகொண்டே போகிறது. அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு மோட்டார் வாகன மெக்கானிக் படித்துவிட்டு ஷெட்டுக்கு வரும் பையனுக்கு மீட்டர் பிடிக்கத் தெரியும். அதைப் பிடிக்க அவனுக்கு நேரம் கொடுப்பதும், அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பதும் வண்டிக்காரர் கையில் இருக்கிறது. சோதனைக்கு முந்நூறு ரூபாய் கேட்டால் முகம் சுளித்துவிட்டு, தேவையில்லாத ஆல்டர்னேட்டருக்கு எட்டாயிரம் எண்ணிக் கொடுப்பது நம் வழக்கம்.

அடுத்த முறை ஷெட்டுக்குப் போகும்போது மூன்று எண்களைக் கேளுங்கள்: நின்ற நிலையில் எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை, விளக்கும் ஏசியும் போட்டு ஓடும்போது எத்தனை. சூடு பிரச்சினை என்றால், நின்றால் ஏறுகிறதா ஓடினால் ஏறுகிறதா என்பதை நீங்களே கவனித்துச் சொல்லுங்கள். இவற்றைச் சொல்லாமல் "மாத்திடலாம்" என்பவரிடம், மாற்றுவதற்கு முன் ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கான கூலியையும் மனமுவந்து கொடுங்கள்.